அருவிக்குப் போகும் முன் கம்ப்யூட்டரில் ஒரு நடை

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் பெரும்பாலான வீடுகளில் ஒரே கதைதான். முதல் வாரம் சீட்டு விளையாட்டு. இரண்டாவது வாரம் பழைய சினிமாப் பாட்டு. மூன்றாவது வாரம் பேரனின் போட்டோவை வால்பேப்பராக மாற்றுவது. நான்காவது வாரம், "இனி இதை வைத்து என்ன செய்வது?" என்ற கேள்வி வந்துவிடும்.

தென்காசியில் இருக்கும் என் அப்பாவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோகட்டும் என்று நான்தான் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மானிட்டரைக் காட்டி அப்பா கேட்டார்:

"குத்தாலத்துக்கு மேல செண்பகதேவி அருவிக்குப் போயி நாப்பது வருசம் ஆச்சுல. ஒம் பெட்டியில அந்தப் பாதை தெரியுமா?"

கம்ப்யூட்டர் என்பதற்கு அப்பா வைத்திருக்கும் பெயர் பெட்டி. அந்தக் கேள்வியில் தொடங்கிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் சொல்லப்போகும் புரோகிராம்கள் எல்லாம் இலவசம். மவுஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும். செண்பகதேவிக்குத்தான் என்றில்லை. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள எந்த மலைப்பாதைக்கும் இதே முறையைப் பின்பற்றலாம். இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கே இருக்கிறது செண்பகதேவி?

குற்றாலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவைதான். இவற்றுக்கெல்லாம் வண்டியிலேயே போய் இறங்கிவிடலாம். செண்பகதேவி அப்படி இல்லை. பேரருவியாக விழும் அதே சிற்றாறு, அதற்கு முன் மலைக்கு மேலே காட்டுக்குள் விழும் இடம் இது. அருகில் செண்பகதேவி அம்மன் கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு அங்கே விழா நடக்கும். அப்பா சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனது அந்த விழாவுக்குத்தான்.

பேரருவிப் பக்கத்திலிருந்து மேலே ஏற வேண்டும். தூரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். போய்வர அரை நாள். மிகக் கடினம் என்று சொல்ல முடியாது. சுலபம் என்றும் சொல்ல முடியாது. கல்லும் வேரும் ஏற்றமும் உண்டு. இன்னும் மேலே தேனருவி இருக்கிறது. ஆபத்தான அந்தப் பகுதியை நாம் நினைக்கவே வேண்டாம்.

முதல் வேலை அனுமதி

காடு என்பது பூங்கா அல்ல. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத் தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

பிறகு 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் அழைத்துச் செல்கிறார்கள். குற்றாலம் - செண்பகதேவி பாதையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இன்டர்நெட் மூலம் முன்பதிவு செய்ய வேண்டும். காட்டுத் தீ அபாயம் உள்ள கோடைக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். எனவே எந்தப் பாதையாக இருந்தாலும் நீங்கள் போக நினைக்கும் தேதியில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பஸ் டிக்கெட் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

புதியவர்களுக்கு இங்கே இரண்டு குறிப்புகள். ஒன்று, தேடுபொறியில் பெயரை டைப் செய்தவுடன் மேலே வருவதை எல்லாம் கிளிக் செய்யாதீர்கள். விளம்பரம் என்று குறிப்பிட்டு வருபவற்றைத் தாண்டி, அதிகாரப்பூர்வ தளம்தானா என்று முகவரிக் கட்டத்தைப் படித்துப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். இரண்டு, முன்பதிவு முடிந்ததும் வரும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பி கீயைத் தட்டினால் பிரின்ட் விண்டோ வரும். பிரின்டர் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பிரின்டர் பட்டியலில் 'மைக்ரோசாப்ட் பிரின்ட் டு பிடிஎப்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கம் ஒரு பிடிஎப் பைலாகச் சேமிக்கப்படும். இதை அப்பாவே செய்தார். அவர் கம்ப்யூட்டரில் சேமித்த முதல் உருப்படியான பைல் அதுதான்.

மலையை மேசைக்குக் கொண்டு வருவோம்

அடுத்தது கூகுள் எர்த் புரோ. 2005-ல் கூகுள் எர்த் வந்தபோது உலகமே தன் வீட்டு மொட்டை மாடியைத் தேடிப் பார்த்தது. அதன் புரோ பதிப்புக்கு முன்பு பணம் கட்ட வேண்டியிருந்தது. 2015 முதல் இலவசம். டவுன்லோட் செய்து, வழக்கம்போல இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

புரோகிராமைத் திறந்தால் உருண்டையாகப் பூமி தெரியும். இடது பக்கம் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பூமி சுழன்று உங்கள் ஊருக்கு மேலே வந்து நிற்கும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டினால் அருகில் போகலாம். சக்கரத்தை அழுத்திக்கொண்டே மவுஸை நகர்த்தினால் காட்சி சாயும். தட்டையாக இருந்த படம் மலையாக எழுந்து நிற்கும். எழவில்லை என்றால் கீழே லேயர்ஸ் பகுதியில் டெரைன் என்பதற்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலை எழுந்ததும் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்தா, இதுதான் பேரருவி. இதுக்குப் பின்னால ஆறு இப்படி வளையும்" என்று மானிட்டரில் விரலை வைத்துக் காட்டினார். கண்ணாடியில் கைரேகை படிந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இனி பாதையை வரைய வேண்டும். மேலே உள்ள டூல்பாரில் ஆட் பாத் என்ற பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஒரு சிறிய டயலாக் பாக்ஸ் வரும். அதை மூடாதீர்கள், ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பெயர்க் கட்டத்தில் 'செண்பகதேவி' என்று டைப் செய்யுங்கள். பிறகு படத்தின் மீது, நடக்கப் போகும் வழியில் ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்துகொண்டே போங்கள். புள்ளிகளை இணைத்து ஒரு கோடு உருவாகும். முடிந்ததும் ஓகே கொடுங்கள்.

இப்போது இடது பக்கம் பிளேசஸ் பகுதியில் அந்தப் பெயர் வந்திருக்கும். அதன் மீது ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் புரொபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் கீழே மலையின் குறுக்குவெட்டு ஒரு வரைபடமாக விரியும். மொத்தத் தூரம் எவ்வளவு, எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எந்த இடத்தில் ஏற்றம் செங்குத்தாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வரைபடத்தின் மீது மவுஸை நகர்த்தினால், மேலே பாதையில் ஓர் அம்புக்குறியும் கூடவே நடக்கும். எண்கள் அடியில் வந்தால் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று மீட்டர், கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாங்கள் வரைந்த கோடு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. "ஊர்ல ரெண்டரைன்னுல்லா சொல்லுவாவ?" என்றார் அப்பா. "ஊரில் எல்லாரும் குத்துமதிப்பாச் சொல்வாங்கப்பா. இது சாட்டிலைட்டில் அளந்தது" என்றேன். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

தூரமும் ஏற்றமும் தெரிந்துவிட்டால் நேரத்தைக் கணக்கிடலாம். ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

உதாரணமாக 2 கிலோமீட்டர் தூரம், 200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 24 நிமிடம், ஏற்றத்துக்கு 20 நிமிடம், ஆக 44 நிமிடம். ஆனால் இது பழகிய கால்களுக்கான கணக்கு. வயதானவர்களும் முதல் முறை ஏறுபவர்களும் இதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்.

இதை வைத்து நாங்கள் ஒரு தாளில் எழுதினோம். காலை 9 மணிக்குக் கிளம்ப வேண்டும். 10.30-க்கு அருவி. எப்படியானாலும் 11 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். மலை ஏறுபவர்கள் இதைத் திரும்பும் நேரம் என்பார்கள். எங்கே இருந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்ப வேண்டும். இதை வீட்டில் மேசை முன் உட்கார்ந்து தீர்மானிப்பதற்குக் காரணம் உண்டு. அருவிச் சத்தம் காதில் விழுந்த பிறகு யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது.

"நாங்கல்லாம் அந்தக் காலத்துல மணி பாத்தா போனோம்?" என்று கேட்டாலும், அப்பாவே சிவப்புப் பேனாவை எடுத்து 11 என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவருக்கு வலது முழங்காலில் வலி உண்டு. அதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்து போனுக்கு

மலையில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வரைந்த பாதையைப் போனுக்கு அனுப்ப வேண்டும். பிளேசஸ் பகுதியில் பாதையின் மீது ரைட் கிளிக் செய்து 'சேவ் பிளேஸ் அஸ்' கொடுங்கள். பைல் வகையில் கேஎம்எல் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். வரைபடப் பாதைகளைச் சேமிப்பதற்கான ஒரு வகை பைல் இது. யுஎஸ்பி கேபிள் மூலமோ இமெயில் மூலமோ போனுக்கு அனுப்பிவிடலாம்.

போனில் திறக்க ஒரு வரைபடச் செயலி வேண்டும். கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை ஆஃப்லைனாக டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் இன்டர்நெட் இல்லாதபோது அது கார் வழிதான் சொல்லும், நடைவழி சொல்லாது. மலைப்பாதைக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகள் பொருத்தமானவை. இவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. 2004-ல் தொடங்கி, உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் வரைபடம் இது. உங்கள் மாநில வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிட்டால் காட்டில் டவர் இல்லாவிட்டாலும் திறக்கும்.

இங்கே பலரும் கேட்கும் சந்தேகம்: டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? செய்யும். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னலை நம் போன் ரேடியோ போல வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு சாட்டிலைட் கிடைத்தால் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். சிம் கார்டோ டேட்டாவோ தேவை இல்லை. ஆனால் டேட்டா இருந்தால் முதல் முறை இடத்தைக் கண்டுபிடிப்பது வேகமாக நடக்கும். எனவே காட்டுக்குள் நுழையும் முன், திறந்த வெளியில் நின்று, புள்ளி சரியாக விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இன்றைய பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டிருந்தால் பேட்டரி கரைந்துவிடும். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஆனால் ஏதாவது ஒரு கம்பெனியின் டவராவது எட்டினால்தான் அந்த அழைப்பும் போகும். எனவே எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது எந்தச் செயலியையும்விட நம்பகமானது.

மழை எங்கே பெய்கிறது?

அருவிக்குப் போகும் பலரும் செய்யும் தவறு, தாங்கள் நிற்கும் இடத்தின் வானத்தை மட்டும் பார்ப்பது. பார்க்க வேண்டியது அருவிக்கு மேலே உள்ள மலையை. அங்கே பெய்யும் மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் மாவட்ட வாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறார்கள். கனமழை என்று அவர்கள் சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை என்று பொருள். புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவும் அன்று காலையும் இரண்டு முறை பாருங்கள். பச்சை அல்லாத எந்த நிறத்துக்கும் நான் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவேன்.

அன்று நடந்தது

சென்ற ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் போனோம். நிறம் பச்சை. எங்கள் குழுவில் நாங்கள் இருவர், வேறு சிலர், கூடவே உள்ளூர் வழிகாட்டி ஒருவர். பிளாஸ்டிக், சோப்பு, எண்ணெய் எதுவும் கூடாது என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள்.

முதல் அரை மணி நேரம் அப்பா எல்லாருக்கும் முன்னால் நடந்தார். எனக்குச் சொல்வதாக நினைத்து வழிகாட்டிக்கே வழி சொன்னார். குரங்குகள் எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டே கூட வந்தன. பிறகு ஏற்றம் வந்தது. அப்பா ஒவ்வொரு கல்லிலும் கையை ஊன்ற ஆரம்பித்தார். பத்து நிமிட நடைக்கு ஐந்து நிமிட ஓய்வு தேவைப்பட்டது. மற்றவர்கள் எங்களுக்காக நின்றார்கள். அது அப்பாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மரங்கள் அடர்ந்த இடங்களில் போனில் புள்ளி தடுமாறியது. ஓரிடத்தில் நாங்கள் பாதையில் நிற்கும்போதே ஆற்றுக்குள் நிற்பதாகக் காட்டியது. திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் இலைகள் சிக்னலை மங்கச் செய்யும். பாறைகள் அதைத் திருப்பி அனுப்பும். சுற்றிக்கொண்டு வரும் சிக்னலைப் போன் நேராக வந்ததாக நம்பிவிடும். எனவே காட்டில் புள்ளி கொஞ்சம் விலகினால் பயப்பட வேண்டாம். கண்ணால் பார்க்கும் பாதையை நம்புங்கள்.

மணி 11 ஆனபோது நாங்கள் இன்னும் அருவியை அடையவில்லை. ஆற்றுச் சத்தம் கேட்டது. போனில் பார்த்தேன். கோட்டின் முடிவுக்கு இன்னும் 400 மீட்டர்.

"பெட்டி என்னல சொல்லுது?" என்றார் அப்பா, ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டே.

"நானூறு மீட்டர்தான்பா. பத்து நிமிஷம்."

வழிகாட்டி சிரித்தார். "அண்ணாச்சி நடைக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல ஆவும் சார்" என்றார். பிறகு மலை முகட்டைக் காட்டினார். காலையில் இல்லாத மேகம் அங்கே இறங்கியிருந்தது. "மழை வரும்னு சொல்லல. வந்தா அண்ணாச்சியால வேகமா எறங்க முடியாது. நீங்களே சொல்லுங்க."

எனக்கு நப்பாசை. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறார். 400 மீட்டர் என்பது எங்கள் தெருவின் இரண்டு முனைக்கும் இடையே உள்ள தூரம். அப்பாதான் சட்டைப் பையில் இருந்து அந்தத் தாளை எடுத்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். மடித்து மறுபடியும் உள்ளே வைத்தார்.

"எறங்குவோம்" என்றார்.

வழிகாட்டி எங்கேயோ போய் ஒரு கம்பு ஒடித்து வந்து கொடுத்தார். இறங்கும்போது அப்பா பேசவே இல்லை. அன்றைக்கு மழையும் பெய்யவில்லை.

எங்கே தவறினேன்?

போகும்போதே நான் போனில் நடைத் தடத்தைப் பதிவு செய்திருந்தேன். இந்த வசதி பல செயலிகளில் இருக்கிறது. நாம் நடந்த வழியைச் சில நொடிகளுக்கு ஒரு புள்ளியாகக் குறித்து, ஜிபிஎக்ஸ் என்ற வகை பைலாகத் தரும். அந்தப் பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கூகுள் எர்த் புரோவில் பைல் மெனு, ஓப்பன் என்று போய்த் திறந்தேன். பைல் வகையில் ஜிபிஎஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். நான் மவுஸால் வரைந்த கோடு ஒரு நிறம், கால்கள் வரைந்த கோடு வேறு நிறம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. சாட்டிலைட் படத்தில் காடு முழுவதும் மரத்தலைகள்தான் தெரியும், பாதை தெரியாது. நான் குத்துமதிப்பாக, பத்துப் பதினைந்து புள்ளிகள் வைத்து நேர் நேராக இழுத்திருந்தேன். உண்மையான பாதையோ பாறைக்குப் பாறை வளைந்து போயிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கோடு குறுக்கு வழியில் போயிருந்தது. அப்படிச் சுருங்கிய கோட்டைத்தான் 'சாட்டிலைட்டில் அளந்தது' என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். சாட்டிலைட் எதையும் அளக்கவில்லை. நான் வரைந்ததைக் கம்ப்யூட்டர் கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்.

உயரக் கணக்கிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. மலைகளின் உயரத் தகவலுக்கு அடிப்படையாக இருப்பவற்றில் முக்கியமானது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் சுற்றி ரேடார் மூலம் எடுத்த அளவு. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் முழுமையாகத் தரைவரை இறங்கவில்லை. எனவே பல இடங்களில் அது சொல்வது தரைக்கும் மர உச்சிக்கும் நடுவே உள்ள ஓர் உயரம். திரையில் தசமப் புள்ளியோடு எண் வருகிறது என்பதற்காக அது துல்லியமானது என்று பொருள் இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மலைக்குப் போகாவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நாம் கொடுத்ததைத்தான் கம்ப்யூட்டர் திருப்பித் தரும். நாம் கொடுத்தது ஊகமாக இருந்தால் அது தருவதும் ஊகம்தான். பார்க்க மட்டும் கணக்குப் போல இருக்கும்.

மீதி வழி

தோல்வியோடு அப்பா அதை விட்டுவிடவில்லை. நடந்த தடத்தை 'பாக்கி' என்று பெயரிட்டு டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டார். டாக்டரிடம் முழங்காலைக் காட்டினார். அவர் சொன்ன உடற்பயிற்சிகளோடு தினமும் காலையில் நடக்க ஆரம்பித்தார். நடையைப் போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் மாதத்துக்கு ஒரு போல்டர் என்று சேமிக்கக் கற்றுக்கொண்டார். முதல் மாதப் போல்டரில் எல்லாமே ஒரு கிலோமீட்டருக்குள். போனில் பேசும்போது எனக்குப் பைல் அனுப்பும் வழி சொல்லித் தருவார். நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வேன்.

இந்தத் தை மாதம் மறுபடியும் பதிவு செய்து போனோம். இந்த முறை கோடு வரையவில்லை. சென்ற முறை பதிவான தடத்தையே போனில் ஏற்றிக்கொண்டோம். தடம் முடிந்த இடத்தில் இருந்து மீதிக்கு, ஊரார் சொல்லும் இரண்டரை கிலோமீட்டரை வைத்து நேரம் போட்டோம். ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். சிவப்பு வட்டம் அதே 11 மணிதான்.

போன முறை உட்கார்ந்த பாறை வந்தது. அப்பா அதில் உட்காரவில்லை. கையால் தட்டிவிட்டு மேலே நடந்தார். அதற்கப்புறம் வழி மூன்று முறை வளைந்தது. அருவிக்கு முன் போய் நின்றபோது மணி 10.15. தண்ணீர் அதிகம் இல்லை. அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழிகாட்டி அனுமதித்த இடத்தில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வாய்க்குள் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தடத்தைத் திறந்தோம். அந்தப் பாறையிலிருந்து அருவிவரை எவ்வளவு என்று அளந்தோம். மரத்தடியில் நின்றால்கூடப் புள்ளி அலைந்து சில மீட்டர்களைக் கூட்டிவிடும் என்பதால் இதுவும் மில்லிமீட்டர் சுத்தம் இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 700 மீட்டர் வந்தது. அன்று என் போன் சொன்னது 400. அப்பாவின் அப்போதைய நடைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் என்று வழிகாட்டி சொன்னது எந்தக் கருவியும் இல்லாமல்.

அப்பா மவுஸை வாங்கி, 'பாக்கி' என்ற பைலின் மீது ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, 'தீந்தது' என்று பெயர் வைத்தார்.

கிளம்பும் முன் சரிபாருங்கள்

1. பாதை திறந்திருக்கிறதா? முன்பதிவு பிடிஎப் போனிலும் தாளிலும் இருக்கிறதா?

2. நீங்கள் வரைந்த கோட்டின் தூரத்தோடு குறைந்தது கால் பங்கு கூட்டிக்கொண்டீர்களா? ஊரார் சொல்லும் தூரம் அதைவிட அதிகம் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதிவிட்டீர்களா? வீட்டில் ஒருவரிடம் சொன்னீர்களா?

4. ஆஃப்லைன் வரைபடத்தை வீட்டிலேயே டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தீர்களா?

5. போன் முழு சார்ஜ், பவர் பேங்க், தண்ணீர், மாத்திரை.

6. மேல்மலைக்கான மழை எச்சரிக்கையை அன்று காலையும் பார்த்தீர்களா?

7. வந்த பிறகு போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். போட்டோ பைலுக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். மற்றவர்களுக்கு அனுப்பும் முன் அதை நீக்க விரும்பினால், பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போய், கீழே உள்ள 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்' என்ற வரியைக் கிளிக் செய்யுங்கள்.

8. வழிகாட்டி ஒன்று சொல்லி, போன் வேறொன்று சொன்னால் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.